நேர்ந்து விட்ட வாயன்

கொக்குமலைத் தேயிலைத் தோட்டத்துக் குளத்தில் மேனேஜரான பெரிய துரை பிடித்துப் பிடித்து விட்ட மீன், சித்திரை பிறந்தபோது அவருடைய படகைவிட ஒரு முழம் நீளமாக இருந்தது. யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. அந்த மாதம் பலாங்கொடைச் சந்தையில் தேங்காய் விலை ஏறியிருந்தது, இருந்த ஆச்சரியமெல்லாம் அதற்கே செலவாகிவிட்டது. மீன் லார்ஜ்மவுத் பாஸ் என்னும் சாதி. எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரத் துரை பால் டின்னில் குஞ்சாகக் கொண்டுவந்து விட்ட வம்சம் என்பார்கள். வாய் சோற்றுப்பானை அகலத்துக்குத் திறக்கும் என்பதால் லயத்து வரிசை வீடுகளில் குடியிருந்த தோட்டத்து ஆட்கள் அதை வாயன் என்று கூப்பிட்டார்கள். துரைக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. தன்னைச் சொல்கிறார்களோ என்று அவருக்கு ஒரு சந்தேகம் இருந்தது, சந்தேகம் நியாயமானதுதான்.

குளத்துக்கு இந்தப் பக்கம் தார் ரோடு, டிஸ்பென்சரி, பள்ளிக்கூடம், இப்திகாரின் கடை. அந்தப் பக்கம் அக்கரை டிவிசன், அதாவது நாலு வரிசை லயமும் ஒரு மாரியம்மன் கோவிலும். அக்கரைக்கு ரோடு கிடையாது. ரப்பர் மலையைச் சுற்றி அட்டைகளுக்கு இரத்தம் கொடுத்துக்கொண்டு அரை நாள் நடக்கலாம், அல்லது படகில் வரலாம். வெள்ளம் வந்த வருடம் யாரோ புண்ணியவான்கள் அந்த டிவிசனுக்கென்று கொடுத்துவிட்டுப் போன படகு அது. பிள்ளைகள் பள்ளிக்கு வந்ததும், காய்ச்சல்காரர்கள் மருந்துக்கு வந்ததும், பொங்கலுக்கு அரிசி மூட்டை போனதும் அதில்தான். துடுப்புப் போட்டவர் பிரதீபன். இந்தப் பெரிய துரை புதிதாகக் கொழும்பிலிருந்து வந்து இறங்கிய இரண்டாம் வாரமே படகைப் பார்த்தார், நல்ல படகு என்றார், வெள்ளைப் பெயின்ட் அடித்தார், சுழலும் நாற்காலி இரண்டு வைத்தார். இனித் தோட்டம் தேயிலையை மட்டும் நம்பி இருக்க முடியாதாம், பங்களாவுக்கு விருந்தாளிகள் வந்து மீன் பிடிப்பார்களாம். பிரதீபனையும் படகோடு சேர்த்தே எடுத்துக்கொண்டார். அக்கரைக்காரர்கள் நடக்க ஆரம்பித்தார்கள். நடப்பது உடம்புக்கு நல்லது என்று துரை, காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கிற பெரட்டுக்களத்தில் நின்று ஒரு வார்த்தை சொல்லவும் செய்தார், மகராசன்.

சனிக்கிழமை தோறும் துரை மீன் பிடித்தார். பிடித்த மீனின் வாய்க்குள் கட்டைவிரலை விட்டுத் தூக்கி, படம் எடுத்து, அதன் நெற்றியில் முத்தம் கொடுத்து, இங்கிலீஷில் ஏதோ சொல்லி, திரும்பவும் தண்ணீரில் விட்டார். இப்திகாருக்கு இதைக் கேட்கவே வயிறு எரிந்தது. மூன்று தலைமுறையாகக் கருவாடு விற்கிற குடும்பம் அது. "கொழம்பு வெக்கவும் இல்ல, விக்கவும் இல்ல, அப்பொறம் எதுக்கு அந்த ஜீவன இழுத்துப் போடுறாரு?" என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் கேட்டார். பதில் அக்கரையிலிருந்து வந்தது. பிடித்த உயிரைக் கொல்லாமல் முத்தம் கொடுத்து, நல்ல வார்த்தை சொல்லி, அவிழ்த்து விடுவதற்கு அங்கே ஒரே ஒரு அர்த்தம்தான் உண்டு. ஆட்டை விடுவார்கள், சேவலை விடுவார்கள், கழுத்தில் மஞ்சள் துணி கட்டி விட்டுவிட்டால் அது அம்மாளுக்குச் சொந்தம். யார் தோட்டத்தில் மேய்ந்தாலும் ஒருவரும் கல்லெடுக்கக் கூடாது. திருவிழாவுக்கு அரை நாள் லீவு கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற துரை, மனதுக்குள் இவ்வளவு பக்தியை வைத்துக்கொண்டு ஒரு மீனை நேர்ந்து விட்டிருக்கிறாரே என்று டிவிசனே உருகிப்போனது. பிள்ளைகள் நடந்து போகிற வழியில் தங்கள் ரொட்டியில் பாதியைப் பிய்த்துக் குளத்தில் போட்டார்கள்.

துரை மீனிடம் என்னதான் சொல்கிறார் என்று பூசாரி முத்துக்கருப்பன் பிரதீபனை விசாரித்தார். "போயி பெருசா வளந்து வான்னு சொல்றாருங்க," என்றார் பிரதீபன். அம்மாள் சன்னிதியைப் பார்த்தாற்போல் இருக்கிற குளத்தில் நின்று சொன்ன வார்த்தை அல்லவா, மீன் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டது. ஒவ்வொரு தடவை விட்டபோதும் ஒரு சாண் வளர்ந்தது. தை மாதம் ஆட்டுக்குட்டி அளவு, மாசியில் மாட்டுக்கன்று அளவு. துரையின் தூண்டிலைத் தானே தேடி வந்து கடித்தது. துரை அதைத் தன் திறமை என்று நினைத்துக்கொண்டார்.

பூசாரிக்கு ஒரே ஒரு குழப்பம் மிச்சமிருந்தது. நேர்ந்து விடுகிறவன் ஏதாவது வேண்டிக்கொண்டுதானே விடுவான்? துரை எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. அவரிடம்தான் பங்களா, ஜீப், படகு எல்லாம் இருக்கிறதே, அம்மாளிடம் போய் எதைக் கேட்பார். இப்படிக் கேட்பாரில்லாமல் ஒரு நேர்ச்சை வீணாகக் கிடப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க விஜயகலாவால் முடியவில்லை. அவள் பிரதீபனின் மனைவி, தலைப்பிரசவம், மாதம் நெருங்கியிருந்தது. போன மழைக்காலத்தில் அடுத்த லயத்துப் பெண்ணைக் கம்பளியில் போட்டு மூங்கிலில் கட்டி ரப்பர் மலை வழியாகத் தூக்கிப் போனதில், பாதி வழியில் பிள்ளை போய்விட்டது. அதை விஜயகலா ஒரு நாளும் மறக்கவில்லை. இரவு தூக்கத்தில் மூங்கில் கிறீச்சிடும் சத்தம் அவளுக்குக் கேட்டது. பயமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது. ஒரு மஞ்சள் துணியை எடுத்துக்கொண்டு குளக்கரைக்குப் போனாள். "அவரு கேக்க மறந்துட்டாரு தாயே, அந்த எடத்துல நா கேட்டுக்கிறேன். வலி வர்ற அன்னைக்கி எனக்கு அந்தப் படகு வேணும்," என்று சொல்லித் துணியைத் தண்ணீரில் விட்டாள்.

அடுத்த சனிக்கிழமை மீன் முதுகுத் துடுப்பில் அந்தத் துணியைக் கட்டிக்கொண்டு வந்தது. முடிச்சு ஒழுங்காக இருந்தது. யாரோ பல்கலைக்கழகத்தார் ஆராய்ச்சிக்காகக் கட்டியிருக்கிறார்கள் என்று துரை விருந்தாளிகளுக்கு விளக்கினார். படித்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

பிரதீபன் நேராகவும் ஒரு தடவை கேட்டுப் பார்த்தார். "சேர், சம்சாரத்துக்கு நாளு கிட்ட வந்திருச்சி. இந்தக் கெழம மட்டும் படக அக்கரையில நிப்பாட்டி வெக்கிறேங்க." பெல்மதுளையிலிருந்து இரண்டு பெரிய ஆட்கள் மீன் பிடிக்க வருகிறார்களே, அவர்கள் போனதும் பார்ப்போம் என்றார் துரை. அவசரம் என்றால் அம்பியூலன்சைக் கூப்பிடலாமே என்று யோசனையும் சொன்னார். அம்பியூலன்ஸ் நீந்துமா என்று பிரதீபன் கேட்கவில்லை, வேலை போய்விடும்.

அந்தச் சனிக்கிழமை நல்ல வெயில். துரையும் இரண்டு பெரிய ஆட்களும் நடுக்குளத்தில் இருந்தபோது வாயன் தூண்டிலைக் கவ்வியது. அதே நேரத்தில் அக்கரையில் பெண்கள் ஒரு சிவப்புச் சேலையைப் பிடித்து ஆட்டினார்கள். பிரதீபன் துடுப்பை எடுத்துக்கொண்டு துரை பக்கம் திரும்பினார். "சேர், வலி வந்திருச்சி போலருக்கு, கரைக்கு விட்டுருவோம் சேர்." துரை திரும்பிக்கூடப் பார்க்காமல், "பொட்டக் இன்ன, பிரதீபன், பொட்டக் இன்ன," என்று சிங்களத்தில் பொறுக்கச் சொன்னார். மீன் பொறுக்கவில்லை. தூண்டில் நரம்பை வாயில் வைத்துக்கொண்டே அக்கரைப் பக்கம் திரும்பி, மூன்று கனவான்களையும் படகையும் இழுத்துக்கொண்டு புறப்பட்டது. கரை தட்டி நின்றதும் பெண்கள் ஒரு கேள்வியும் கேட்காமல் விஜயகலாவைத் தூக்கிச் சுழலும் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அதில் இருந்த பெரிய ஆள் எழுந்து இடம் கொடுத்தார், கொடுக்காவிட்டால் மடியில் உட்கார வைத்திருப்பார்கள். துரைக்கு மீன் மேல்தான் கண். தூண்டிலை விட்டால் மீன் போய்விடும் என்று இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். அவர் அப்படி விடாமல் பிடித்ததால்தான் மீன் படகை மறுபடி இழுத்துத் தார் ரோட்டுப் பக்கம் கொண்டுவந்து சேர்க்க முடிந்தது. அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

இப்திகார் தன் ஓட்டோவைத் திருப்பி நிறுத்தி வைத்திருந்தார். விஜயகலாவும் பிரதீபனும் பலாங்கொடை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார்கள், விளக்கு வைக்கிற நேரம் பெண் பிள்ளை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். மீனா, மீனாட்சி என்று ஏதாவது வைப்பார்கள் என்று ஊரே எதிர்பார்த்தது. விஜயகலா கேஷாலினி என்று வைத்தாள்.

இங்கே கரையில் துரை வழக்கம்போல மீனின் வாய்க்குள் கட்டைவிரலை விட்டார். மீன் வாயை மூடிக்கொண்டது. அப்படியே அவரையும் இழுத்துக்கொண்டு ஆழத்துக்கு இறங்கி, ஒரு சுற்றுச் சுற்றி, துரையின் கீழுதட்டைப் பிடித்து வெளியே தூக்கி, வெளிச்சம் நன்றாக விழும் பக்கமாகத் திருப்பிக் காட்டியது. பெரிய ஆட்கள் பழக்கதோஷத்தில் படம் எடுத்துவிட்டார்கள். மீன் அவரைத் தலையிலிருந்து கால்வரை நிதானமாகப் பார்த்தது, பிறகு முழங்கால் தண்ணீரில் மெதுவாக விட்டது. "அம்மாளுக்கு இந்தச் சைஸ் பத்தாதுங்க," என்றார் கரையில் நின்ற பூசாரி.

இப்போது படகு அக்கரையில்தான் நிற்கிறது. காலையில் பிள்ளைகளை ஏற்றியதும் வாயன் வந்து கயிற்றைக் கவ்விக்கொள்கிறது, பிரதீபன் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்து வருகிறார். புகை இல்லாத போக்குவரத்து என்று தோட்டக் கம்பனி பெருமையடித்துக்கொள்கிறது. படகைத் தான் மனமுவந்து கொடுத்ததாகத் துரையும் எல்லோரிடமும் சொல்கிறார், சொல்லிவிட்டுப் போகட்டும். சனிக்கிழமைகளில் மட்டும் அவர் எங்கே ஒளிந்தாலும் மீனிடம் அகப்பட்டுவிடுகிறார், பங்களாக் குளியலறையில் இருந்துகூட ஒரு தடவை பிடிபட்டார். மீன் தூக்கிப் பார்த்துவிட்டு விடுகிறது. மீனுக்குப் பேச வராது என்பதால் சொல்ல வேண்டியதைப் பிரதீபன் இடுப்பில் கேஷாலினியை வைத்துக்கொண்டு மரியாதையாகச் சொல்கிறார்: "போயி பெருசா வளந்து வாங்க, தொரை."

இன்னும் வளர்ந்ததாகத் தெரியவில்லை. அடுத்த சனிக்கிழமையும் பார்ப்பார்கள்.