இருநூற்றுப் பன்னிரண்டு டிகிரி

மரத்தை வேகவைப்பதுதான் மில்லில் என் வேலை. சொன்னால் சிரிப்பார்கள். என் தங்கையே என்னை "பலகைக்குச் சமையல்காரர்" என்றுதான் தெரிந்தவர்களிடம் சொல்வாள். லாரி நுழையும் அளவுக்குப் பெரிய இரும்பு அடுப்பு. உள்ளே பலகைகளை அடுக்கி, தீப்பிடிக்காமல் இருக்க நீராவியை விட்டு, சூட்டை ஏற்ற வேண்டும். ஏற ஏற, மரத்துக்குள் ஹெமிசெல்லுலோஸ் என்ற சரக்குதான் முதலில் சிதையும். பூஞ்சைக்குத் தீனி அது; ஈரம் வந்து ஒட்டுவதும் பெரும்பாலும் அதில்தான். அது போய்விட்டால் மரம் மழையில் கிடந்தாலும் லேசில் மக்காது. கூடவே ஒரு வினிகர் வாடை வரும். வெறும் வாடை அல்ல, அமிலம். அளவு மீறி விட்டால் அந்த அமிலமே நார்களைத் துண்டு துண்டாக வெட்டிவிடும். பார்க்க ராஜா மாதிரி கறுப்பாக மினுங்கும். பாரம் ஏற்றினால் ரஸ்க்.

அதனால் அடுப்புப் பக்கத்துச் சுவரில் ஓர் அட்டவணை உண்டு. ஆள் பிடிப்பது, ஆள் நிற்பது எதற்கும் நூற்றுத் தொண்ணூறு டிகிரிக்கு மேல் போகக்கூடாது. சுவர் அலங்காரத்துக்கு மட்டும் இருநூற்றுப் பன்னிரண்டு. அதை எழுதி ஒட்டியவனே நான்தான்.

தங்கை பின்வாசல் படிக்கட்டுக்குக் கைப்பிடி கேட்டாள். பழையது மழையில் இரண்டு முறை மக்கிவிட்டது. மில் வரவேற்பறைச் சுவரில் இருக்கிறதே, அந்தக் கறுப்பு நிறம்தான் வேண்டும் என்று அடம்பிடித்தாள். நூற்றுத் தொண்ணூறில் அந்த நிறம் வராது. அதை அவளிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் அவளிடம் முடியாது என்று சொல்லிப் பழகாத வாய் என்னுடையது. கைப்பிடிதானே, அதன்மேல் யார் ஏறி நிற்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். இருநூற்றுப் பன்னிரண்டில் வைத்து, நிறம் போதவில்லை என்று இரண்டு மணி நேரம் கூடுதலாகவும் விட்டேன். படிக்கட்டில் ஒன்றன்பின் ஒன்றாக மாட்ட இரண்டு, கைவசம் இருக்கட்டும் என்று ஒன்று, ஆக மூன்று கட்டை கொடுத்தேன். மாட்டியது அவள் கணவர். தச்சர், ஒரு திருகாணிக்கு மூன்று முறை அளக்கும் நிதானக்காரர்.

நான்காவது மாதம், ஈரத்துணி வாளியோடு இறங்கியவள் கால் வழுக்கிக் கைப்பிடியைப் பற்றியிருக்கிறாள். நல்ல மரமாக இருந்தால் பிடித்திருக்கும். ஒடிந்தாலும் முனகி, வளைந்து, கொஞ்சம் அவகாசம் கொடுத்துவிட்டுத்தான் ஒடியும். இது சட்டென்று இரண்டாகிவிட்டது. ஏழு படி உருண்டாள். தொடை எலும்பு முறிந்தது.

ஒடிந்த துண்டை மாப்பிள்ளை என்னிடம் கொண்டுவந்தார். ஒரு சிம்புகூட இல்லை, கத்தியால் நறுக்கியது போல இருந்தது. பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. அவர் கண்ணோ திருகாணி ஓட்டையிலேயே நின்றது.

"நான் ஓட்டை போட்ட இடத்துலதான் விட்டிருக்கு, இல்ல மச்சான்?"

"ஆமா மாப்ள, அங்கதான் விட்டிருக்கு."

சொன்னதில் பொய் இல்லை. அதில்தான் என் அயோக்கியத்தனமே இருந்தது.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். ஊரார் வீட்டுக்கெல்லாம் ஒழுங்காக மாட்டுகிற கை, சொந்த வீட்டுக்கு மட்டும் அலட்சியப்பட்டுவிட்டதா என்று படுக்கையில் இருந்தபடியே அவரைக் குத்திக்கொண்டிருந்தாள் தங்கை. அவர் அவளைத் தூக்கி உட்காரவைத்தார், துணி துவைத்தார், வெளிவேலைகளைத் தட்டிக் கழித்தார். நான் ஞாயிறுதோறும் பழம் வாங்கிக்கொண்டு போய், அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, ஆனைக்கும் அடி சறுக்கும் என்று ஆறுதல் சொன்னேன். இப்போது நினைத்தாலும் என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

ஆறு மாதம் கழித்து ஒரு ஞாயிறு, தங்கை முதல்முறையாக ஊன்றுகோல் இல்லாமல் பின்வாசலுக்கு நடந்தாள். நானும் மாப்பிள்ளையும் பின்னாலேயே போனோம். படிக்கட்டில் கைப்பிடி முழுதாக இருந்தது. அதே கறுப்பு. மிச்சமிருந்த மூன்றாவது கட்டையை எடுத்து, ஒன்றுக்கு இரண்டாக நீளத் திருகாணி போட்டு மாட்டியிருந்தார். தங்கை அதில் கையை ஊன்றி, உடம்பு மொத்தத்தையும் சாய்த்து, முதல் படியில் காலை வைக்கப் போனாள்.

நான் அவளை இழுத்த வேகத்தில் இரண்டு பேரும் வாசற்படியிலேயே விழுந்தோம். விழுந்த இடத்திலேயே சொன்னேன். அட்டவணை, டிகிரி, கூடுதலாக விட்ட இரண்டு மணி நேரம், எல்லாம்.

தங்கை அழவில்லை. "நான் இவர பேசின பேச்செல்லாம் கேட்டுக்கிட்டுத்தானே அண்ணா பக்கத்துல உக்காந்திருந்த?" என்றாள்.

மாப்பிள்ளை உள்ளே போய் ஸ்குரூடிரைவரோடு வந்தார். படியில் உட்கார்ந்து திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். உதவப் போன என்னை வேண்டாம் என்று தலையாட்டி நிறுத்தினார். கடைசித் திருகாணியைக் கழற்றியதும், என்னைப் பார்க்காமலே பேசினார்.

"கைப்பிடிய திரும்ப மாட்டட்டுமான்னு போன வாரம் போன்ல கேட்டேனே மச்சான். மாட்டுங்கன்னு சொன்னீங்களே."

கேட்டார். எந்த மரம் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால், ஏன் கேட்கிறீர்கள் என்று அவர் கேட்டிருப்பார்.