ஒட்டுக்கேட்ட சுவரும் ஏழு கைதிகளும்

லாவோஸ் எல்லைப்பக்கத்து நோங்கோம் ஊருக்கு வெளியே, அமெரிக்கர்கள் விட்டுப்போன முகாமில், சன்னலில்லாத கூடத்தின் வடக்குச் சுவர் தினமும் நண்பகலில் பேசும். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் அதே நாளில் ஊரார் பேசியதைத்தான் திருப்பிச் சொல்லும். எல்லைக்கு அப்பாலுள்ள வானொலிகளை ஒட்டுக்கேட்கக் கட்டிய கூடம், பக்கத்து ஊரையும் சேர்த்துக் கேட்டுத் தொலைத்திருக்கிறது, அவ்வளவுதான். பழைய வரப்புத் தகராறுகளை ஊர்த்தலைவர் அங்கே போய்த்தான் தீர்த்துவைப்பார். மழைக்காலத்தில் கொஞ்சம் கரகரக்கும்.

பாங்காக்கிலிருந்து கறுப்புச் சட்டையில் வந்திறங்கும் ஆராய்ச்சியாளர்களுக்கு இதில் அக்கறை இல்லை. அவர்களுக்கு வேண்டியது லாவோஸ் வரை போகும் சுரங்கம், ரகசியச் சிறை, தொட்டியில் ஊறும் வேற்றுக்கிரகவாசி. சுவர் பேசுவது அவர்கள் காதிலும் விழத்தான் செய்கிறது. ஊர்க்காரர்கள் சத்தம் போட்டு வேலையைக் கெடுப்பதாக மூன்று முறை புகார் எழுதிக் கொடுத்தார்கள். இந்த மண்டைகளுக்குக் கேமரா ஒரு கேடு.

கோழி சுட்டு விற்கும், ஐம்பதை எட்டும் தோங்பாய் ஒரே ஒரு நாளுக்காகக் காத்திருந்தாள். அவளைப் பெற்ற மூன்றாம் நாள் அவள் அம்மா கேவ் செத்துப்போனாள். வளர்த்தவள் அத்தை சீதா. அடுப்பில் சோறு குழைந்தாலும் சரி, குடம் உடைந்தாலும் சரி, அத்தைக்கு ஒரே பாட்டுத்தான்: "பெத்தவளே 'இத எடுத்துட்டுப் போங்க'ன்னு சொன்ன சனியன்டி நீ." அது தோங்பாய் பிறந்த மறுநாள் சொன்னது என்றும் அத்தையே சொல்லியிருந்தாள். அதைச் சுவர் சொல்ல வேண்டிய புதன்கிழமையன்று, தனாகோன் என்ற சுரங்க நிபுணன் அனுமதி வாங்கிக் கூடத்தைப் பூட்டிவைத்துக்கொண்டு உள்ளே தரையை உடைத்துக்கொண்டிருந்தான்.

தோங்பாய் கதவைத் தட்டினாள். சிறையை நேரில் பார்த்த சாட்சி என்றால் மட்டும் வரலாம் என்றான் அந்த மேதை. கேமராவும் தயாராக இருந்தது.

"பாத்தேன் தம்பி. சங்கிலி போட்டுக் கூட்டிட்டுப் போனாங்க."

"எத்தனை பேரு, அக்கா?"

"உங்களுக்கு எத்தனை வேணும்?"

ஏழு என்றான். ஏழு பேர் என்றாள். வேற்றுக்கிரகத்து ஆட்கள்போல முதுகில் முள் இருந்ததா என்றான். அதுவும் இருந்தது என்றாள். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. அவளை உள்ளே விட்டு, அவள் கேட்டதும் ஆட்களிடம் சம்மட்டியை நிறுத்தச் சொன்னான்.

நண்பகலில் சுவரிலிருந்து முதலில் விறகு வெடிக்கும் சத்தம் வந்தது. பிள்ளை பெற்றவளைத் தீயருகே கிடத்துவது அந்த ஊர் வழக்கம், அந்த விறகு. பிறகு ஒரு கைக்குழந்தை கத்தியது. பிறகு, தோங்பாய் ஆயுளில் கேட்டேயிராத ஒரு குரல், இருமலோடு வந்தது.

"இத எடுத்துட்டுப் போங்க அண்ணி. புகை புள்ள கண்ணுல படுது. தீ தணிஞ்சதும் கொண்டாந்து எங்கிட்டயே படுக்க வைங்க."

சரி சரி என்றது அத்தையின் இளவயதுக் குரல். முழுதாகக் காதில் வாங்கிக்கொண்டு, பாதியை மட்டும் ஐம்பது வருடம் சொல்லியிருக்கிறாள் பாவி. தோங்பாய் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள். சாட்சிக்குப் பழைய பயங்கரம் நினைவுக்கு வந்துவிட்டதென்று தனாகோன் அதையும் படம் பிடித்தான். பின்னணியில் கேட்ட பெண் குரல் இடைஞ்சல் என்று பிற்பாடு வெட்டி எறிந்தான். ஏழு முள் கைதிகளை இப்போது நாடே நம்புகிறது.

சாயங்காலம் தோங்பாய் வாசலில் கோழி சுட்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எண்பது வயது அத்தை பக்கம் காற்று திரும்பியது. தோங்பாய் எழுந்து அடுப்பை அந்தப்புறம் நகர்த்தினாள்.

"எதுக்குடி நகத்துற?"

"புகை கண்ணுல படுது அத்தை."

சீதா அதன்பின் அன்று சாப்பிடவில்லை. மறுநாள் நண்பகலில் சுவர், யாரோ தொலைத்த வாத்தைப் பற்றிப் பேசியது.