வடக்குக் குடா எத்தனை பாகம் ஆழம்?

லண்டனிலிருந்து வந்த இரண்டு அதிகாரிகளில் பேசுகிறவர் ஃபென்விக். பேசாதவர் ஆர்ட்லி. ஓபடையாவுக்குப் பேசாதவர் மேல்தான் சந்தேகம்.

வில்க் தீவில் விசைப்படகு வைத்திருந்தவன் ஓபடையா கம்ஸ் ஒருவன்தான். பக்கத்திலுள்ள பெரிய தீவு சுதந்திரம் வாங்கப் போகிறது. வில்க் அதனோடு சேருவதா, ராணியின் கொடிக்குக் கீழேயே இருப்பதா என்று ஜனங்களைக் கேட்கத்தான் இருவரும் வந்திருந்தார்கள். ஃபென்விக் வீடு வீடாகப் போய்த் தேநீர் குடித்தார். ஆர்ட்லி மட்டும் ஓபடையாவின் படகில் ஏறி, மூன்று நாளும் ஆளரவம் குறைந்த வடக்குக் குடாவுக்கே போனார். ஈயக்குண்டு கட்டிய கயிற்றைக் கடலில் விட்டு, ஆறடிக்கு ஒரு பாகம் என்று ஆழம் பார்த்தார். கரையேறி அங்கிருந்த பதினேழு வீடுகளையும் எண்ணினார். பிறகு கல்லறைத் தோட்டத்துக்குள் போய், ஒவ்வொரு சிலுவையாகத் தொட்டுக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். இந்தக் கணக்கெல்லாம் குடாவைக் காலி செய்யத்தானோ என்று ஓபடையாவுக்குத் தோன்றியது.

வீட்டில் சொன்னான். உப்புக்கருவாட்டை அலசிக்கொண்டிருந்த மனைவி இசலின் நிமிர்ந்து பார்த்தாள்.

"நீதானே மூணு நாளா அந்தாளை ஏத்திக்கிட்டுச் சுத்துறே? ஊரே கேக்குது, ஓபடையா எந்தப் பக்கம்னு."

"நீயுமா கேக்குறே?"

அவள் மறுபடி கருவாட்டை அலசத் தொடங்கினாள்.

மறுநாள் மத்தியானம் பள்ளிக்கூடத்தில் கூட்டம். பெரிய தீவுக்காரன் நம்மை மிதித்துவிடுவான் என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. அது ஃபென்விக்குக்கும் தெரியும்.

"எங்ககூடவே இருந்தா எதுவும் மாறாது. சம்மதம்னா கையைத் தூக்குங்க," என்றார்.

கைகள் எழத் தொடங்கின. ஓபடையா எழுந்து நின்றான்.

"ஐயா, வடக்குக் குடா எத்தனை பாகம் ஆழம்?"

"எனக்கெப்படித் தெரியும்?"

"உங்க சிநேகிதருக்குத் தெரியும். ஒன்பது பாகம். போர்க்கப்பலே நிக்கலாம்."

ஆர்ட்லி ஜன்னலைப் பார்த்தார். ஃபென்விக் சிரித்தார். "உங்களுக்கு ஒரு படகுத்துறை கட்டத்தான் அளந்தோம்."

"சரி. கல்லறைய எதுக்கு எண்ணினீங்க?"

பின்வரிசையிலிருந்து மீன்காரி அட்லின் குரல் கொடுத்தாள்: "செத்தவங்களுக்கும் படகுத்துறை வேணுமாக்கும்!"

யாரும் சிரிக்கவில்லை. வடக்குக் குடாவில் புருஷனைப் புதைத்தவள் அவள். எழுந்த கைகள் ஒவ்வொன்றாகத் தாழ்ந்தன. டீச்சர் வினிஃப்ரெட் ஒரு தாளை எடுத்து ஃபென்விக் முன்னால் வைத்தாள்.

"வடக்கேயிருந்து யாரையும் கிளப்ப மாட்டோம்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. அப்புறம் கை தூக்குறோம்."

"அப்படி எழுதிக் கொடுக்க எனக்கு அதிகாரமில்லை, அம்மா."

"அப்போ எங்ககிட்ட சம்மதம் கேக்க மட்டும் எங்கேருந்து வந்துச்சு அதிகாரம்?"

கூட்டம் கலைந்தது. கடலில் நின்ற கப்பலுக்கு அதிகாரிகளைக் கொண்டுபோய் விடவேண்டியவன் ஓபடையாதான். பாதி வழியில் ஆர்ட்லி முதல்முறையாக அவனிடம் வாய் திறந்தார்.

"உன்னைக் கேட்கச் சொன்னது யார்? பெரிய தீவுக்காரங்களா?"

ஓபடையாவுக்குக் கோபம் வரவில்லை. இவர்களுக்கும் நம்மைப் பார்த்தால் பயம்தானோ என்று நினைத்தான். சுக்கானைக் கப்பல் பக்கம் திருப்பினான்.

நான்கு மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது. வில்க் தீவின் எதிர்காலம் பற்றிய முடிவு தள்ளிவைக்கப்பட்டிருக்கிறதாம். டீச்சர் அதை இரண்டு முறை வாசித்தாள்.

"எதுவரைக்கும்?" என்றாள் அட்லின்.

"போடலை."

யாரும் கைதட்டவில்லை. அந்த வாரமே ஓபடையா வடக்குக் குடாவில், கல்லறைத் தோட்டத்துக்குப் பக்கத்தில், வீட்டுக்குக் கடைக்கால் தோண்ட ஆரம்பித்தான். இரண்டாம் நாள் இசலினும் ஒரு மண்வெட்டியோடு வந்து சேர்ந்தாள்.

"பதினெட்டாவது வீடு. அவன் மறுபடி எண்ண வந்தா கணக்கு உதைக்கட்டும்," என்றாள்.