மம்பட்டி பிடிக்காத நாள்

ஏழு பெண்கள் மம்பட்டியோடு காணிக்குள் வந்தார்கள். நாலந்தா ஊருக்கு உள்ளே, குளத்துக்குப் பின்னால், ஹமீமாவின் சோளம் முழங்கால் உயரம் வளர்ந்திருந்தது. அந்தப் பக்கத்தில் கூலியில்லாமல் அத்தம் மாறுவார்கள்: உன் காணியில் எனக்கு ஒரு நாள், என் காணியில் உனக்கு ஒரு நாள். ஏழு பேருக்கும் ஹமீமா தன் நாளைக் கொடுத்துவிட்டாள். இன்று அவளுடைய முறை.

சோளத்துக்கு மண் அணைக்க வந்தவர்களுக்கு மண்ணே தெரியவில்லை. மண்ணை மூடி ஈரம் காக்க வரிசைகளுக்கு நடுவே அவள் விதைத்த கௌப்பிப் பயறு படர்ந்து, சோளத் தண்டுகளில் ஏறத் தொடங்கியிருந்தது.

"இதென்ன புள்ள, சோளத்தத் தேடிப் புடிச்சா கொத்தணும்?" என்றாள் ஸுபைதா மாமி. எல்லோரும் சிரித்தார்கள்.

"கொத்த வேணாம் மாமி. கொடிய மட்டும் அறுத்து அங்கேயே போடுங்க. வேர் மண்ணுல இருக்கட்டும்."

அரிவாள் வேண்டும் என்று முன்பே சொல்லாதது அவள் பிழை. அத்தம் என்றால் மம்பட்டிதான்; எதைக் கொண்டு வருவது என்று அங்கே யாரும் யாருக்கும் சொல்வதில்லை. அவளிடம் மூன்று அரிவாள்கள்தான் இருந்தன. மீதிக்குக் குசினிக் கத்திகளை எடுத்து வைத்திருந்தாள்.

"மீன் வெட்டுற கத்தி!" அக்கா முறையான நப்லா ராத்தா அதைத் தூக்கிக் காட்டினாள். "இதெல்லாம் ஒரு அத்தமா?"

மூன்று போகமாக அவள் அந்த மண்ணை உழவில்லை, கொத்தவில்லை. ஏழு மம்பட்டிகள் ஒரே காலையில் அதைக் கவிழ்த்துவிடும். வந்தவர்களைத் திருப்பி அனுப்பினாலோ, தனியாளாக அவள் அறுத்து முடிப்பதற்குள் கௌப்பி சோளத்தை மூடிவிடும்.

மாமி மம்பட்டியை ஓங்கினாள். ஹமீமா அதற்கு முன்னால் போய்க் குந்தி, கொடியை அறுக்கத் தொடங்கினாள்.

"எழும்புடி, காலு போயிரும்!"

"நீங்க அரிவாள எடுங்க, எழும்புறேன். உங்க காணியில நீங்க சொன்ன மாதிரித்தானே கொத்தினேன்?"

மாமி ஓங்கிய மம்பட்டியை இறக்கினாள். அதைத் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"செவ்வாக்கெழம அடுத்த அத்தம், எனக்கு மொளகாப் பாத்தி. இந்தக் கூத்தெல்லாம் அங்க காட்டப்படாது. மம்பட்டியோட வரணும்."

"வாறேன் மாமி."

மம்பட்டிகள் மரத்தடிக்குப் போயின. நடுப்பகல் லுஹர் பாங்கு சொன்னபோது பாதிக் காணிதான் முடிந்திருந்தது. எல்லோருக்கும் இடுப்பு வலித்தது.

"கொத்தியிருந்தா இந்நேரம் ஊட்டுல சோறு திண்டிருப்போம்," என்றாள் நப்லா.

"மெய்தான் ராத்தா," என்றாள் ஹமீமா, அடுத்த வரிசையில் குந்திக்கொண்டே.