முகமூடிக்குள் வேறொருவன்

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒன்றே ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது. முகமூடிக்குள் இருப்பது நான் இல்லை என்று இந்தப் பச்சூகா நகரத்தில் ஒருவராவது கண்டுபிடிப்பாரா?

இருபது வருடத்துக்கு மேலாகச் 'சாம்பல் பிரபு' என்ற மல்யுத்த வில்லனாக இருந்தவன் நான்தான். கறுப்பு அங்கி, வெள்ளைக் கையுறை, நெற்றியில் வெள்ளி வௌவால் தைத்த சாம்பல் நிற முகமூடி. ரிங்குக்கு ஏறும் படியை வாசனைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டுத்தான் கால் வைப்பேன். ஏழைகள் மிதித்த படியாம். அரங்கமே காறித் துப்பும். வெளியே யாருக்கும் என் முகம் தெரியாது, தெரியவும் கூடாது. வீட்டுக்காரரைப் பொறுத்தவரை நான் பெயின்ட் விற்பவன். என் மனைவி ஓஃபேலியா, "ஊருக்கு மூஞ்சியைக் காட்டாம இருந்து இருந்து, வீட்டுலயும் காட்ட மறந்துட்டே" என்று சொல்லிவிட்டு அக்காள் வீட்டுக்குப் போனவள்தான்.

போன கோடையில் என் முழங்கால் மூட்டு போனது. அரங்க முதலாளி டான் அபுந்தியோ ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"முகமூடியும் பேரும் என்னோடது, ஃபெர்மின். உடம்பு மட்டுந்தான் உன்னோடது. அதுவும் இப்ப சரியில்லையே."

அவர் சொன்னதில் பொய் இல்லை, அதுதான் எரிச்சல். முகமூடிக்கு ஓர் இளம் உடம்பைப் பிடித்துவிட்டார். சுவரொட்டியில் அதே படம், அதே பெயர். அந்த ஞாயிறு அவனுக்கு முதல் சண்டை.

முதல்முறையாகக் காசு கொடுத்து, முன்வாசல் வழியாக உள்ளே போனேன். அத்தனை வருடமாகப் பின்கதவைத் திறந்துவிட்டு, முகமூடியோடு வந்த எனக்குச் சலாம் போட்ட வாயிற்காவலன், "டிக்கெட் எங்க, பெரியவரே?" என்றான். டிக்கெட்டை நீட்டினேன்.

முதல் வரிசையில், டோன்யா ரெஃபுகியோவுக்குப் பக்கத்து இருக்கை. வேண்டுமென்றே அதைக் கேட்டு வாங்கினேன். சந்தையில் பன்றிக்கறிக் கடை வைத்திருப்பவள். அவள் கை உலக்கை மாதிரி இருக்கும். வாரம் தவறாமல் அவள் முன்னால் போய், கையை முத்தமிட வருபவன் போலக் குனிவேன். அவள் செருப்பைக் கழற்றி முதுகில் போடுவாள். அரங்கம் கூத்தாடும். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது: ஓஃபேலியா போன பிறகு, தொழிலுக்காக இல்லாமல் என்னைத் தொட்ட கை அது ஒன்றுதான்.

"கடலை எடுத்துக்கங்க" என்று பொட்டலத்தை நீட்டினாள். "புதுசா வர்றீங்களா?"

"ஆமாங்க."

"அந்தச் சாம்பல் நாய் வரட்டும், பாருங்க. இன்னிக்குக் கட்டைச் செருப்பு போட்டுக்கிட்டு வந்திருக்கேன்."

விளக்குகள் அணைந்தன. வந்தான். என் நடை, என் கைக்குட்டை, படியைத் துடைக்கும்போது சுண்டுவிரலைத் தூக்குவதுகூட அப்படியே. பையன் நன்றாகத்தான் கற்றிருக்கிறான். கூட்டம் வழக்கமான கெட்ட வார்த்தைகளை வழக்கமான இடங்களில் சொன்னது. ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. இத்தனை வருடமாக என்னைத் திட்டுகிறார்கள் என்று நினைத்திருந்தேன். இவர்கள் திட்டியது வெறும் துணியை.

அவன் டோன்யா ரெஃபுகியோ முன்னால் வந்து குனிந்தான். அவள் செருப்பை ஓங்கினாள். சட்டென்று பின்னால் துள்ளி, விரலை ஆட்டிக் காட்டிவிட்டு, ரிங்குக்குள் தாவினான். எல்லாரும் சிரித்தார்கள். அவள் உட்கார்ந்து மெதுவாகச் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"இது அவன் இல்ல" என்றாள்.

நான் அவள் பக்கம் திரும்பினேன். "எப்படிச் சொல்றீங்க?"

"அவன் அடி வாங்காம நகர மாட்டான், திருட்டுப்பய. குனிஞ்சே நிப்பான். என் புருஷன் செத்த வாரம் எனக்குக் கையே எழும்பல. அப்பவும் நின்னான். எதிராளி ரிங்குல காத்துக்கிட்டிருக்கான், இவன் பாட்டுக்கு எனக்காக நிக்கிறான். அப்புறம் அடிச்சேன். அடிச்சுட்டு அழுதேன். அதுவரைக்கும் அழுகையே வரல."

அந்த நாள் எனக்கு நினைவிருந்தது. காரணம்தான் தெரியாமல் இருந்தது.

"அவனுக்கு என்ன ஆச்சு? உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

'நான்தான்' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் ரிங்கில் இருப்பவன் பிழைப்பில் மண் விழும். எங்கள் தொழிலில் யாரும் அதைச் செய்வதில்லை. அதோடு, சொல்லி அவள் எதைப் பார்க்கப் போகிறாள்? வழுக்கைத் தலையும் உடைந்த மூக்குமாக ஓர் ஆள்.

"செத்துட்டார்னு கேள்விப்பட்டேன்" என்றேன். பொய் சொன்ன மாதிரி இல்லை.

அவளுக்குக் கோபம் வந்தது. "மல்யுத்தக்காரன் செத்தா எல்லாரையும் எந்திரிக்கச் சொல்லி ஒரு நிமிஷம் கை தட்டுவாங்கல்ல. அவனுக்கு யார் தட்டினது?"

"யாரும் இல்ல. முகமூடிதான் இன்னும் உயிரோட இருக்கே."

சண்டை நடந்துகொண்டிருந்தது. அவள் எழுந்து நின்று கை தட்டத் தொடங்கினாள்.

"ஏம்மா, உக்காரு, மறைக்குது" என்றான் பின்னாலிருந்து ஒருவன். இன்னொருவன், "என்ன டோன்யா, கட்சி மாறிட்டியா? சாம்பலுக்கா கை தட்டுறே?" என்றான். அவள் திரும்பவே இல்லை. கன்னமெல்லாம் ஈரம். உட்கார்ந்திருந்த என்னைக் குனிந்து பார்த்தாள்.

"உங்களுக்குக் கை இல்லையா? எந்திரிங்க. அந்தப் பாவிக்கு நம்மள விட்டா யாரு இருக்கா?"

நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். அவள் நிறுத்தும்வரை நானும் தட்டினேன்.