பெயரில்லாத செய்தி

ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் ஒரகடத்தைத் தாண்டினால் ஜோஸ்லினின் போனில் பெயரில்லாமல் செய்தி வரும். பஸ்ஸில் எல்லோரும் அரட்டைக்கு வைத்திருந்த ஆப் அது; புளூடூத் வழியாகப் பக்கத்திலிருக்கும் போன்களுக்கு மட்டும் எட்டும். எவனோ அதில் அவள் உடம்பைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தான்.

ஒருநாள் அவள் தன் ஊரான சேரப்பணஞ்சேரியில் இறங்கவில்லை. படப்பையில் பஸ் காலியானது. டிரைவரும், முன் சீட்டில் சூப்பர்வைசர் தயாளனும்தான் மிச்சம்.

‘இன்னா செல்லம், இன்னிக்கு எறங்கலியா?’ என்று வந்தது. டிரைவரின் இரண்டு கைகளும் ஸ்டியரிங்கில் இருந்தன. இவள் என்ன செய்துவிடுவாள் என்ற திமிர் தயாளனுக்கு.

மறுநாள் பஸ் நிறைந்திருக்கும்போது, அவன் எழுதியதையெல்லாம் பெயரில்லாமலே அத்தனை பேருக்கும் அனுப்பினாள். கடைசியில், ‘எழுதியது தயாளன் சார்’ என்று சேர்த்தாள். சீட்டுக்குச் சீட்டு போன் ஒலித்தது.

“எவடீ அனுப்சது?” தயாளன் எழுந்து கத்தினான்.

“நீ மட்டும் பேர் போட்டா அனுப்புன? எறங்கு சார் கீழ!” என்றாள் பின்சீட்டு சந்திரம்மாள். மற்ற பெண்களும் எழுந்துவிட்டார்கள். டிரைவர் வண்டியை நிறுத்தினார்.

தயாளன் வெயிலில் இறங்கி நின்றான். பஸ் நகருமுன் ஜோஸ்லின் அவனுக்கு மட்டும் அனுப்பினாள்: ‘நாளைக்கு இது உன் வூட்டுக்கும் போவுது.’

அதைப் படித்ததும் அவன் முகம் வெளுத்ததை ஜன்னல் வழியே நன்றாகப் பார்த்தாள். அப்போதும் அவளுக்கு மனம் ஆறவில்லை.