காய்ந்தால் தெரியும் எழுத்து

யாமிக்கானி ம்பெவே, வயது இருபத்து மூன்று, பிறந்தது மலாவியில், இப்போது இருப்பது ஜோகன்னஸ்பர்க் பக்கத்தில் தெம்பிசாவில், தண்டேகா அக்காவின் கார் கழுவும் கொட்டகையில். கை எப்போதும் ஈரமாக இருப்பதால் ஊருக்கு அனுப்பும் சேதியை அவன் விரலால் தட்டுவதில்லை. போனை வாயருகே பிடித்துப் பேசுவான், அது எழுதிக்கொள்ளும். கொஞ்ச நாளாக அவன் பேசுவதெல்லாம் ஒன்றுதான். "இன்னும் தகவல் இல்லக்கா. தேடிக்கிட்டுத்தான் இருக்கேன்."

காணாமல் போனவன் அவன் அக்கா எனலேசியின் புருஷன் லாக்சன். பழைய சிவப்பு கார் ஒன்றை வைத்துக்கொண்டு தெம்பிசாவுக்குள் சவாரி ஓட்டிக்கொண்டிருந்தான். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், தூரத்துச் சவாரி கிடைத்திருக்கிறது என்று சந்தோஷமாகக் கிளம்பினான். அதன்பிறகு ஆளும் இல்லை, வண்டியும் இல்லை. போலீசுக்குப் போனால் முதல் கேள்வி யாமிக்கானியின் விசாவைப் பற்றித்தான் இருக்கும். அது செத்துப் போய் ஒரு மழைக்காலமே கடந்துவிட்டது. அதனால் அவன் செய்யக்கூடியது ஒன்றே ஒன்று. கொட்டகைக்கு வரும் ஒவ்வொரு சிவப்பு காரையும் பார்ப்பது.

சனிக்கிழமை என்றால் கொட்டகையில் நிற்க இடம் இருக்காது. காலையில் சாவுக்குப் போகிற வண்டிகள், மத்தியானம் சாவிலிருந்து திரும்பிக் குடிக்கப் போகிற வண்டிகள். பக்கத்துக் கடையில் இறைச்சி சுடும் புகையும் பாட்டுச் சத்தமும் கலந்து கிடக்க, வெயில் கொஞ்சம் இறங்கிய நேரத்தில் ஒரு சிவப்பு கார் வந்து நின்றது. யாமிக்கானி கையிலிருந்த குழாயைக் கீழே போட்டான். நம்பர் பலகையைப் பார்த்தான். வேறு நம்பர். லாக்சனின் வண்டிக்குக் கூரை மேல் மூட்டை கட்டும் கம்பி இருக்கும், இதில் இல்லை. இது அவன் வண்டி இல்லை.

இறங்கியவர் வெள்ளை ஷூ போட்டிருந்தார். சேற்றில் படாமல் ஒவ்வொரு அடியாகப் பார்த்து வைத்தார்.

"வெள்ளை ஷூவோட கார் கழுவற இடத்துக்கு வந்திருக்கீங்களே அண்ணே, உங்க தைரியமே தைரியம்!" என்றாள் தண்டேகா.

"நாளைக்கு வடக்கே போலோக்வானேல ஒருத்தர் இத வாங்கறார். மின்னணும். ஒரு கீறல் விழக் கூடாது."

"யாமி, வாடா இங்க! நம்ம மலாவிக்காரப் பையன் அண்ணே. பச்சைக் குழந்தைய குளிப்பாட்டற மாதிரி குளிப்பாட்டுவான். இவன் கழுவறதப் பாத்துட்டு ஒரு பாஸ்டர், பேசாம என்னையும் ஒரு தரம் கழுவி விடுடான்னுட்டார்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வெள்ளை ஷூக்காரர் சிரிக்கவில்லை. "மலாவியா?" என்று மட்டும் கேட்டார். பிறகு ஒரு பீர் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, காருக்கு எதிரே உட்கார்ந்தார். "வெளிய மட்டும். உள்ள தொடாதே. டிக்கியத் திறக்காதே."

யாமிக்கானி காரை நிழலுக்குத் தள்ளினான். சூடான தகட்டில் சோப்பு பட்டால் திட்டுத் திட்டாக ஒட்டிக்கொள்ளும். துணி படுவதற்கு முன் மேலிருந்து கீழாகத் தண்ணீரை ஓட விட்டான். மண் போகாமல் துணி வைத்தால் அந்த மண்ணே ஆயிரம் நகமாகக் கீறிவிடும். சக்கரத்தின் மேல் வளைவுக்குள் குழாயை நீட்டியபோது கட்டி கட்டியாகச் செம்மண் விழுந்தது. கூடவே மக்காச்சோளத் தட்டை, ஒரு பிடி காய்ந்த புல். தெம்பிசாவில் மக்காச்சோளக் காடு ஏது? யாரோ இந்த வண்டியைப் பாதையே இல்லாத இடத்துக்குள் ஓட்டிப் போயிருக்கிறார்கள்.

அவன் நிமிர்ந்தான். அந்த ஆள் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு வாளியில் சோப்புத் தண்ணீர், இன்னொன்றில் வெறும் தண்ணீர். ஒரு வீச்சு துடைத்ததும் கையுறையை வெறும் தண்ணீரில் அலசி, அப்புறம்தான் மறுபடி சோப்பில் முக்குவான். ஜன்னலைத் துடைக்கும்போது கண் தானாக உள்ளே போனது. பின் சீட்டு இல்லை. உறை அல்ல, சீட்டே இல்லை. தரை விரிப்பும் இல்லை. வெறும் தகடு, அதுவும் துப்புரவாகக் கழுவப்பட்ட தகடு.

கடைசியாக அலசி விட்டுத் தண்ணீரை ஒற்றி எடுத்தான். ஈரம் இருக்கும்வரை டிக்கி மூடி ஒரே சிவப்பாக இருந்தது. காயக் காய, வெளுத்த பெயின்ட் நடுவே ஆழ்ந்த சிவப்பில் எழுத்துகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. எப்போதோ ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பிய்த்து விட்டார்கள். அதன் அடியில் வெயில் படாத இடம் மட்டும் பழைய நிறத்திலேயே நின்றிருந்தது.

ஸிகோமோ அம்பூயே. ஆண்டவரே, நன்றி.

மூன்றாவது எழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அதைச் சாய்த்து ஒட்டியவன் யாமிக்கானியேதான். அன்றைக்குக் காற்று. பிய்த்து ஒட்டப் போனபோது லாக்சன் தடுத்தான். "கிடக்கட்டும் விடு மச்சான். கடவுளுக்குக் கழுத்தச் சாய்ச்சுப் படிக்கத் தெரியாதா?" அப்படியானால் நம்பரை மாற்றி, கூரைக் கம்பியையும் கழற்றியிருக்கிறார்கள்.

"அதான்," என்றது முதுகுக்குப் பின்னால் குரல். அவர் எழுந்து வந்தது காதில் விழவே இல்லை. "அது போகணும். புதுசா பெயின்ட் அடிச்சா வாங்கறவன் சந்தேகப்படுவான். தேய்ச்சே எடு."

"சரி பாஸ்."

"உங்க ஊர் பாஷை மாதிரி இருக்கே. என்ன எழுதியிருக்கு? படி."

யாமிக்கானி கையிலிருந்த துணியைப் பிழிந்தான். "எனக்குப் படிக்கத் தெரியாது பாஸ்."

"ஒரு வார்த்தைகூட?"

அந்தப் பக்கம் டாக்சி ஒன்றுக்கு நுரை அடித்துக்கொண்டிருந்த தண்டேகா சத்தமாகச் சொன்னாள். "அதையேன் கேக்கறீங்க அண்ணே! போன்லகூட எழுத மாட்டான். பைத்தியக்காரன் மாதிரி பேசிக்கிட்டே இருப்பான், போன்தான் எழுதும். லவ் லெட்டர் எழுதச் சொன்னா பொண்ணு ஓடிடும்!"

அவள் வெறும் கேலிக்குத்தான் சொன்னாள், அது அவன் பொய்க்குச் சாட்சியாகிவிட்டது அவளுக்குத் தெரியாது. அந்த ஆள் யாமிக்கானியின் முகத்தை ஒரு கணம் தடவிப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டுப் பெட்டிக்குத் திரும்பினார்.

பாலிஷ் போடும் மிஷினை எடுத்தான். கூரைக்கும் கதவுகளுக்கும் அராவும் பாலிஷை வைத்துச் சுற்றினான். பழைய பெயின்ட், மேலே நிறத்தைக் காக்கும் கண்ணாடிப் பூச்சு கிடையாது. வெளுத்த தோல் உரிந்து பஞ்சு வட்டு சிவந்தது. துணி சிவந்தது. விரல் இடுக்கெல்லாம் சிவந்தது. டிக்கி மூடிக்கு வந்தபோது கை நின்றது. மிஷினை ஒரு நிமிஷம் வைத்தால் போதும், சுற்றியுள்ள வெளுப்பு போய்விடும், எழுத்தும் போய்விடும். ஒரே சிவப்பு. லாக்சன் என்று ஒருத்தன் இந்த வண்டியை ஓட்டினான் என்பதற்கு அதன்பிறகு ஒரு புள்ளிகூட மிஞ்சாது.

மிஷினை அணைத்தான். எண்ணெய்ப் பாலிஷ் டப்பாவைத் திறந்து, கையாலேயே வட்டம் வட்டமாகத் தடவினான். எண்ணெய் எதையும் அராவாது. வெளுத்த பெயின்ட் அதைக் குடித்துக் கறுத்துக் காட்டும், அவ்வளவுதான். வெயிலும் மழையும் நாலு தடவை பட்டால் மறுபடி வெளுத்துவிடும். விவரம் தெரிந்த தொழில்காரன் யாரும் இப்படிச் செய்ய மாட்டான், செய்தால் கூலியைத் திருப்பிக் கேட்பார்கள்.

"மிஷின் ஏன் நிறுத்திட்ட?"

"இங்க பெயின்ட் மெலிஞ்சு போச்சு பாஸ். மிஷின் வெச்சா விளிம்புல தகடு தெரிஞ்சிடும். ஒரு கீறல்கூட கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

வெள்ளை ஷூ மண்ணில் ஒரு முறை தட்டியது. அப்புறம் நின்றது.

துடைத்து முடித்ததும் அந்த ஆள் டிக்கி மூடிக்கு மேல் குனிந்தார். இடப்பக்கம் சாய்ந்து பார்த்தார், வலப்பக்கம் சாய்ந்து பார்த்தார். விரல் நுனியால் ஒரு கோடு இழுத்து, விரலை மோந்து பார்த்தார். யாமிக்கானி தன் கால் விரல்களை மண்ணுக்குள் அழுத்திக்கொண்டு நின்றான்.

"நல்லா செஞ்சிருக்கே." போனை எடுத்து டிக்கியைப் படம் பிடித்தார். பிறகு போனை அவன் பக்கம் திருப்பினார். "நீயும் நில்லு. நல்ல வேலைக்காரன் முகம் மறந்துடக் கூடாது."

படம் எடுத்தார். கிளம்பும்போது ஜன்னலை இறக்கி, "பேரென்ன சொன்ன?" என்றார்.

அவன் சொல்லவே இல்லை. "யாமிக்கானி அண்ணே!" என்று தண்டேகா அந்தப் பக்கத்திலிருந்து கத்தினாள். "மறுபடி வாங்க!"

"வருவேன்," என்றார்.

கார் திருப்பத்தில் மறைந்ததும் யாமிக்கானி தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்க் குந்தினான். எத்தனை தடவை கழுவியும் கையில் சிவப்பு போகவில்லை. போனில் அக்கா எனலேசியின் பேருக்கு மேல் கட்டை விரலை வைத்தான், எடுத்துவிட்டான். வடக்கே, போலோக்வானே இருக்கும் லிம்போபோ மாகாணத்தில் வேலை செய்யும் மலாவிக்காரர்களின் குரூப்பைத் திறந்து, போனை வாயருகே கொண்டுபோய் மெல்லப் பேசினான்.

"போலோக்வானே பக்கம் இருக்கிற யாராவது இதப் படிச்சா, கொஞ்சம் கேளுங்க. பழைய சிவப்பு காரு ஒண்ணு நாளைக்கு அங்க விக்கப் போறாங்க. பின் சீட்டு கிடையாது. நம்பர மாத்தியிருக்காங்க, அத நம்பாதீங்க. இப்பப் பாத்தா பளபளன்னு இருக்கும், ஒண்ணும் தெரியாது. கொஞ்ச நாள் போகட்டும், டிக்கி மேல நம்ம பாஷையில ஆண்டவருக்கு நன்றின்னு எழுத்து வரும். வாங்கினவர்கிட்ட சண்டைக்குப் போகாதீங்க, பாவம், அவருக்கு எதுவும் தெரியாது. யாரு வித்தாங்கன்னு மட்டும் கேட்டு எனக்குச் சொல்லுங்க. நான் இங்க இல்லேன்னா, எங்க அக்கா எனலேசிக்குச் சொல்லுங்க."